இரண்டு டாக்டர், இரண்டு பதில்: ஆட்டிசம் கண்டறிதலை எந்த அளவுக்கு நம்பலாம்?

இரண்டரை வயதுக் குழந்தை. பேச்சு இன்னும் வரவில்லை. கூப்பிட்டால் சில நேரம்தான் திரும்புகிறது. ஓர் இடத்தில் காட்டினால் "ஆட்டிசம்" என்கிறார்கள். மனசு ஆறாமல் இன்னோர் இடத்துக்குப் போனால் "அதெல்லாம் இல்லை, பேச்சுதான் தாமதம்" என்கிறார்கள். வீட்டில் அன்று யாருக்கும் தூக்கம் இல்லை.

இரண்டில் எது சரி என்று கேட்பதற்கு முன்னால், இருவரும் ஏன் வேறு வேறாகச் சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். தேடினால் கிடைக்கக்கூடிய காரணம்தான்.

ஆட்டிசத்தைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. எடுப்பதெல்லாம் வலிப்பு போன்ற வேறு சந்தேகங்களுக்காக. மருத்துவர் குழந்தையைக் கவனிக்கிறார், வளர்ப்பவர்களைக் கேட்கிறார், பார்த்ததையும் கேட்டதையும் ஒரு வரையறையோடு பொருத்திப் பார்க்கிறார். அவ்வளவுதான் வழி. அதே குழந்தையைத் தகுதியுள்ள இன்னொருவர் தனியாகப் பார்த்தாலும் அதே முடிவுக்கு வருவாரா என்பதைத்தான் "நம்பகத்தன்மை" என்கிறோம். முடிவு உண்மைதானா என்பது வேறு கேள்வி. எப்போது வைத்தாலும் 100 கிராம் குறைத்தே காட்டும் மளிகைக் கடைத் தராசு மாறாமல் காட்டுகிறது, ஆனால் தப்பாகக் காட்டுகிறது. இரண்டு மருத்துவர்கள் சேர்ந்தே தவறலாம். ஆனால் இருவர் அடிக்கடி முரண்பட்டால், ஒருவராவது தவறுகிறார் என்பது நிச்சயம். அதனால்தான் நம்பகத்தன்மையை முதலில் பார்க்கிறோம்.

வரையறை என்ன கேட்கிறது

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, சமூகத் தொடர்பில் மூன்று குறைபாடுகளும் இருக்க வேண்டும்: பேச்சிலும் உணர்விலும் கொடுத்து வாங்குவது, பார்வை, சைகை, முகபாவம் இவற்றைப் பயன்படுத்துவது, உறவுகளை ஏற்படுத்தி வைத்துக்கொள்வது. அடுத்து, திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஒன்றிலேயே மூழ்கும் ஆர்வம், ஒலி, தொடுதல் போன்ற புலன் உணர்வில் வித்தியாசம் என்ற நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும், அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைக் கொண்டு மட்டுமே விளக்க முடியாதவையாக இருக்க வேண்டும்.

படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை முறை செய்தால் "திரும்பத் திரும்ப", எவ்வளவு குறைந்தால் "குறைபாடு" என்பதற்கு அதில் எண் இல்லை. அந்தக் கோட்டை ஒவ்வொரு மருத்துவரும் தன் அனுபவத்தை வைத்துப் போட்டுக்கொள்கிறார்.

ஒத்துப்போவதை அளப்பது எப்படி

"நூற்றுக்கு 84 குழந்தைகள் விஷயத்தில் இரண்டு மருத்துவர்களும் ஒரே முடிவு" என்றால் நல்லதாகத்தான் தோன்றும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சில முடிவுகள் தற்செயலாக ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கப்பா என்ற அளவு. 1960-ல் ஜேக்கப் கோஹென் அறிமுகப்படுத்தியது. 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்டிசம் சந்தேகத்தோடு அனுப்பப்பட்ட 100 குழந்தைகளில் இரண்டு மருத்துவர்களும் தலா 50 பேருக்கு "ஆம்" என்கிறார்கள். 42 பேருக்கு இருவரும் ஆம், 42 பேருக்கு இருவரும் இல்லை, 16 பேர் விஷயத்தில் முரண். தற்செயலாகவே 50 பேரிடம் ஒத்துப்போயிருக்கும். மீதி 50-ல் இவர்கள் கூடுதலாகப் பிடித்தது 34. ஆக கப்பா 0.68.

இப்போது வேறு 100 குழந்தைகள், ஆட்டிசம் அரிதாக உள்ள கூட்டம். தலா 10 பேருக்குத்தான் "ஆம்". 2 பேருக்கு இருவரும் ஆம், 82 பேருக்கு இருவரும் இல்லை. ஒத்துப்போனது இங்கேயும் 84 பேரிடம்தான். ஆனால் தற்செயலே 82-ஐக் கொடுத்துவிடும். கப்பா வெறும் 0.11. ஒருவர் ஆட்டிசம் என்று சொன்ன பத்துப் பேரில் இரண்டு பேரை மட்டுமே மற்றவர் ஏற்கிறார். ஆகவே வெறும் சதவீதத்தைச் சொல்லி யாராவது பெருமைப்பட்டால், எந்தக் கூட்டத்தில் என்று கேளுங்கள்.

டிஎஸ்எம்-5 வெளிவரும் முன் அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மருத்துவ மையங்களில் அதைச் சோதித்தார்கள். ஒரே ஆளை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகச் சந்தித்தார்கள். இடைவெளி சில மணி நேரத்திலிருந்து இரண்டு வாரம் வரை. ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாது. ஆட்டிசத்துக்குக் கிடைத்த கப்பா 0.69. பெரியவர்களின் மனச்சோர்வு நோய்க்கு 0.28. எல்லோரும் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கும் மனச்சோர்வைவிட ஆட்டிசத்தில் மருத்துவர்கள் அதிகம் ஒத்துப்போகிறார்கள். "அது ஆளாளுக்கு ஒன்று சொல்வது" என்ற பேச்சு ஆதாரமற்றது.

ஆனால் அதே துறையில் இன்னொரு எண்ணும் உண்டு. ஆட்டிசம், ஆஸ்பெர்கர், பிடிடி-என்ஓஎஸ் (முழுதாகப் பொருந்தாதவர்களுக்குத் தந்த பெயர்) என்று மூன்று பெயர்கள் புழங்கிய காலத்தில், அமெரிக்காவில் 12 பல்கலைக்கழக மையங்களில் 2,102 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2012-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். எல்லா மையங்களிலும் பயிற்சி பெற்றவர்கள், ஒரே கருவிகள். இருந்தும் ஒருவருக்கு மூன்றில் எந்தப் பெயர் கிடைக்கும் என்பதை அதிகம் தீர்மானித்தது அவர் எந்த மையத்துக்குப் போனார் என்பதுதான். டிஎஸ்எம்-5-ல் மூன்று பெயர்களையும் ஒன்றாக்க இது வலுவான காரணமாக அமைந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "இருக்கிறதா, இல்லையா" என்பதில் கவனமாகப் பார்ப்பவர்கள் நன்றாகவே ஒத்துப்போகிறார்கள். "எந்த வகை, எவ்வளவு கடுமை" என்பதில் அந்த ஒற்றுமை இல்லை. எவ்வளவு உதவி தேவை என்பதைக் காட்ட இன்று அறிக்கையில் வரும் "லெவல் 1, லெவல் 2" என்பதற்கும் இதே பலவீனம் உண்டு. ஒருவர் லெவல் 1 என்றும் இன்னொருவர் லெவல் 2 என்றும் எழுதியிருந்தால் அதை முரண்பாடாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முரண்பாடு பிறக்கும் இடங்கள்

முதல் காரணம் நேரம். 2015-ல் அமெரிக்காவில் 15 முதல் 33 மாதம் வரையுள்ள 42 குழந்தைகளின் பத்து நிமிட வீடியோக்களை ஆட்டிசத்தில் தேர்ந்த உளவியலாளர்களிடம் காட்டினார்கள். யாரை மேற்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 39 சதவீதத்தினரை அவர்கள் தவறவிட்டார்கள். அவர்கள் திறமையில் குறையில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தை காட்டிய நடத்தையில் 89 சதவீதம் மற்றக் குழந்தைகளுடையதைப் போலவே இருந்தது. கூட்டமான ஓ.பி.யில் பத்து நிமிடம் பார்த்து "நல்லாத்தானே விளையாடுகிறான்" என்று சொன்னால் அந்த வார்த்தைக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று இதை வைத்து யோசிக்கலாம்.

இரண்டாவது, எப்படிப் பார்க்கிறோம் என்பது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே எடுத்துக்கொள்வோம். குழந்தை ஒரு பொம்மையில் மும்முரமாக இருக்கும்போது, எதிரே நிற்காமல், தொடாமல், இயல்பான குரலில் கூப்பிட வேண்டும். திரும்பாவிட்டால் சற்று இடைவெளி விட்டு மறுபடியும். சின்னதாகத் தெரியும் இந்தச் சோதனை கெட்டுப்போக எத்தனை வழி! ஃபைலில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வீட்டில் அந்தக் குழந்தை "பாப்பு"வாகவோ "குட்டி"யாகவோ இருக்கும். மருத்துவர் கூப்பிடும்போதே பக்கத்திலிருக்கும் பாட்டி "டாக்டர் கூப்பிடுறாங்க பாரு" என்று தோளைத் தட்டுவார். கூப்பிடுபவர் கையில் சாவிக்கொத்து குலுங்கும், குழந்தை அந்தச் சத்தத்துக்குத் திரும்பும். முதலிரண்டில் ஏதாவது நடந்தால் கேட்டது வீண். மூன்றாவதில் கிடைத்தது தப்பான "ஆம்".

கைகாட்டுவதும் அப்படித்தான். பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது வேண்டும் என்பதற்காக. நிலாவைக் காட்டுவது, "நீயும் பார்" என்பதற்காக. குழந்தை நிலாவைக் காட்டிவிட்டு, அம்மா பார்க்கிறாளா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? ஆட்டிசத்தில் குறைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. "கை காட்டுவானா?" என்று மட்டும் கேட்டால் இரண்டும் ஒரே "ஆமாம்" ஆகிவிடும். அம்மாவின் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் வரை இழுத்துப்போய்க் கதவின் மேல் வைப்பதையும் சிலர் இதில் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அது கைகாட்டல் ஆகாது.

மூன்றாவது, யாரிடம் கேட்கிறோம் என்பது. நாள் முழுதும் குழந்தையோடு இருப்பவர் அது வாய் திறக்கும் முன்பே எல்லாவற்றையும் கொடுத்துப் பழகியிருப்பார். "எல்லாம் புரிஞ்சுக்குவான்" என்பார். மாலையில் வரும் அப்பா வேறு சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. நல்ல மருத்துவர் "ஆமா, இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகமாட்டார். "நேற்று எப்போது அப்படிச் செய்தான்? அப்போது சுற்றி யார் இருந்தார்கள்? அதற்கு முன் என்ன நடந்தது?" என்று உதாரணம் கேட்பார்.

மொழியும் உண்டு. குழந்தை "நான்", "நீ" என்பவற்றை மாற்றிச் சொல்வது ஆட்டிசத்தில் கவனிக்கப்படும் ஒன்று. ஆங்கிலத்தில் அந்தச் சொற்களே வெளிப்படையாக வரும். தமிழில் "நான்" சொல்லாமலே பேசிவிடலாம் என்பதால், மாற்றம் சொல்லின் முடிவில் ஒளிந்திருக்கும். தாகம் எடுத்த குழந்தை "தண்ணி வேணும்" என்று சொல்லாமல், அம்மா வழக்கமாகக் கேட்கும் அதே இழுப்போடு "தண்ணி வேணுமா?" என்று சொல்லும். பசித்தால் "சாப்பிடுறியா?" என்று கேட்கும். தமிழ் தெரியாதவர் மதிப்பிட்டாலோ, ஆங்கிலப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் கேட்டாலோ இது தவறிப்போகும்.

கருவிகள் எங்கே வழுக்கும்

எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவம் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. மதிப்பெண் 0 முதல் 2 வரை ஆபத்து குறைவு. 3 முதல் 7 வரை என்றால் விளக்கக் கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக மேற்பரிசோதனை. இது சல்லடை மட்டுமே. அமெரிக்காவில் 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், மறுகேள்விக்குப் பிறகும் சல்லடையில் நின்ற குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் இருந்தது. ஆனால் 95 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு வளர்ச்சிக் கவலை இருந்தது. ஆகவே இதை மட்டும் வைத்து "ஆட்டிசம்" என்று எழுதுவதும் தவறு, "தவறான எச்சரிக்கை" என்று வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. நடைமுறையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று: 2, 5, 12-ஆம் கேள்விகளுக்கு மட்டும் "ஆம்" என்பதுதான் மதிப்பெண் பெறும் பதில். காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது நினைத்தீர்களா என்பது அதில் ஒன்று. "இல்லை" பதில்களை மட்டும் எண்ணிக் கூட்டினால் கணக்கு மாறிவிடும்.

ஏடாஸ்-2 என்பது பயிற்சி பெற்றவர் 40 முதல் 60 நிமிடம் குழந்தையோடு விளையாடி, பேசிப் பார்க்கும் முறை. குழந்தையின் பேச்சுத் திறனைப் பொறுத்து ஐந்து பகுதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேச்சைக் கூடுதலாக மதிப்பிட்டு மேல்பகுதியை எடுத்தால், மொழி வராததெல்லாம் ஆட்டிச மதிப்பெண்ணாக ஏறிவிடும். ஆராய்ச்சியில் இதைப் பயன்படுத்த, பயிற்றுநரோடு 80 சதவீதம் ஒத்துப்போகும் வரை பயிற்சி வேண்டும். அன்றாட மருத்துவத்தில் அந்தச் சரிபார்ப்பு பெரும்பாலும் நடப்பதில்லை. தனியாகவே பல ஆண்டுகள் மதிப்பெண் போடுபவரின் அளவுகோல் அவரை அறியாமலே நகர்ந்துவிடும். கொரோனா காலத்தில் இன்னொன்றும் தெரிந்தது: முகக்கவசம் போட்டுக்கொண்டு நடத்தினால் முகபாவம் சார்ந்த மதிப்பெண்களுக்குப் பொருளே இல்லை.

இந்தியாவில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 70-க்குக் கீழே ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 லேசானது. 107 முதல் 153 நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. எல்லாவற்றுக்கும் 1 போட்டாலே 40 வந்துவிடும். ஒருவர் "அரிதாக" என்று 1 போட்ட 40 இடத்திலும் இன்னொருவர் "சில நேரம்" என்று 2 போட்டால் மொத்தம் 80; இல்லை என்பது லேசான ஆட்டிசம் ஆகிவிடும். நடைமுறையில் இவ்வளவு தூரம் போகாது. ஆனால் 66, 68, 72 என்று எல்லையை ஒட்டிய எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். அந்த எண் சான்றிதழுக்குத் தேவை. மருத்துவ முடிவை அந்த எண் மட்டும் எடுக்க முடியாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் எந்தக் கருவியையும் தனியாக நம்பி முடிவெடுக்காதீர்கள் என்றே சொல்கிறது.

எந்தக் குழந்தைகளிடம் முரண் அதிகம்

அறிகுறிகள் பளிச்சென்று இருக்கும் குழந்தையிடம் யாரும் முரண்படுவதில்லை. முரண் வருவது எல்லையில்: நன்றாகப் பேசும் குழந்தைகள், அறிவு வளர்ச்சி மிகவும் பின்தங்கியவர்கள், ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) சேர்ந்து இருப்பவர்கள். மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடித்துச் சமாளிக்கும் பெண்பிள்ளைகளிடம் தவறவிடுவது அதிகம். "கூச்ச சுபாவம்" என்று பல வருடங்கள் ஓடிவிடும். காது கேளாமையை ஆட்டிசம் என்று நினைப்பதும், ஆட்டிசத்தைக் காது கேளாமை என்று நினைப்பதும் இரண்டும் நடக்கும். ஆகவே பெரா டெஸ்ட் போன்ற காது பரிசோதனையை முடித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

செல்போன், டிவி அதிகம் பார்ப்பதால் வருவதாகச் சொல்லப்படும் "வர்ச்சுவல் ஆட்டிசம்" என்ற பெயரும் இப்போது அறிக்கைகளில் எட்டிப்பார்க்கிறது. டிஎஸ்எம்-5-லும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-லும் இல்லை. செல்போனைக் குறைப்பது எல்லாக் குழந்தைக்கும் நல்லதுதான். ஆனால் அதைக் குறைத்துவிட்டு ஆறு மாதம் சும்மா காத்திருக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வயதைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் உள்ள 418 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-ல் வந்தது. 18 மாதத்தில் "ஆட்டிசம்" என்று சொல்லப்பட்டவர்களில் 93 சதவீதத்தினருக்கு மூன்று வயதிலும் அதே முடிவு. ஆனால் மூன்று வயதில் ஆட்டிசம் என்று உறுதியானவர்களில் 63 சதவீதத்தினர் 18 மாதத்தில் அப்படிக் கண்டறியப்படவில்லை. 41 சதவீதத்தினர் 24 மாதத்திலும் இல்லை. சீக்கிரம் சொல்லப்படும் "ஆம்" பெரும்பாலும் நிலைக்கிறது. சீக்கிரம் சொல்லப்படும் "இல்லை"க்கு அந்த உறுதி கிடையாது. ஒன்றரை வயதில் "ஒன்றுமில்லை" என்று கேட்டு நிம்மதி அடைந்த குடும்பம், கவலை தீராவிட்டால் மறுபடி காட்டத்தான் வேண்டும்.

இரண்டாம் கருத்துக்குப் போகும்போது

முதல் அறிக்கையை எடுத்துப் படியுங்கள். "ஆட்டிசம், லெவல் 2" என்று ஒரு வரியோடு முடிந்தால் அதை வைத்து யாரும் ஒத்துப்போகவோ முரண்படவோ முடியாது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள், யாரிடம் கேட்டார்கள், எந்தக் கருவி, வரையறையின் ஒவ்வொரு பகுதிக்கும் எந்த நடத்தை ஆதாரம், காது கேட்கிறதா, வளர்ச்சி மதிப்பீடு செய்தார்களா, எதில் சந்தேகம் மிச்சம் இருக்கிறது என்பவை அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது மருத்துவரிடம் உள்ளே நுழைந்ததும் முதலில் என்ன சொன்னார்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். அறிக்கை கையில் இருக்கட்டும். "நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள், பிறகு தருகிறேன்" என்று சொல்லலாம். முன்முடிவைக் கேட்ட காது அதையே தேடும். டிஎஸ்எம்-5 ஆய்வில் மருத்துவர்களைத் தனித்தனியாகப் பார்க்க வைத்ததும் இதற்காகத்தான்.

வீட்டு வீடியோக்கள் பெரிய உதவி. இரண்டு மூன்று நிமிடம் போதும்: சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, இன்னொரு குழந்தையோடு இருக்கும்போது, எதையோ கேட்டு அடம்பிடிக்கும்போது, வீட்டுப் பெயரைச் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிடும்போது. "இங்க பாரு, சிரி" என்று சொல்லாமல் எடுங்கள். தூக்கம் கெட்ட நாளிலோ காய்ச்சலோடோ மதிப்பீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள், தள்ளிப்போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கோ பால்வாடிக்கோ போகும் குழந்தை என்றால் ஆசிரியரிடம் நான்கு வரி எழுதி வாங்குங்கள்.

இரண்டு பதிலும் முரணாகவே இருந்தால் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எதைப் பார்த்து இப்படி முடிவு செய்தீர்கள்?" ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கவே இல்லை என்றால் அந்தத் தகவலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தீர்ந்துவிடும். இருவரும் அதையே பார்த்துக் கோட்டை வேறிடத்தில் போட்டார்கள் என்றால், குழந்தை எல்லையில் இருக்கிறது என்று பொருள். அப்போது "தற்காலிக முடிவு, ஆறு மாதத்தில் மறுமதிப்பீடு" என்று எழுதுவதுதான் நேர்மையான பதில்.

அந்த ஆறு மாதமும் பயிற்சி நிற்கக் கூடாது. பேச்சு வராத குழந்தைக்கு ஸ்பீச் தெரபி தொடங்க ஆட்டிசம் என்ற பெயர் தேவையில்லை. கைகாட்ட, பார்த்துச் செய்ய, மாறி மாறி விளையாடச் சொல்லித்தர எந்த முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டாம். மறுமதிப்பீட்டுத் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, இப்போது எடுத்த வீடியோக்களை அழிக்காமல் வையுங்கள். அன்று புதிதாக எடுத்ததையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் மருத்துவருக்கு வேறெங்கும் கிடைக்காத தகவல் கிடைக்கும்.